ஜெப வேளையில் நீ யாரைப் பார்த்தாய்

மக்களே,

இதை நீயே வாசி. கிட்டங்கியில் உன்னோடு கொப்பரை தரம் பிரிக்கிற பிள்ளைகள் யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அதற்காகத்தான் வீட்டு வரவுசெலவு எழுதுகிற மெல்லிய பேனாவை வைத்துவிட்டு, தடித்த முனை ஒன்று வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிறேன். தாள் நிறையப் போகும், போகட்டும். பகல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, உனக்குத் தோதான பக்கம் தாளைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பைய வாசி. பாதியில் என்மேல் கோபம் வரும். வந்தாலும் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் வா.

நீ சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லிவிட்டேன். ஞானப்பூவின் வீட்டில், அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவளும் கேட்க, உன் கண்ணின் காரியத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். உன் அப்பா பக்கத்தில்தான் இருந்தார். பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று காலையில் நீ கிணற்றடியில் என்னிடம் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "அம்மா, அத இப்பம் சொல்லண்டாம். கல்யாணம் கழியட்டு, பொறவு நானே சொல்லுகேன்" என்றாய். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் காப்பாற்றவில்லை. ஏன் என்று சொல்லுகிறேன், கேள்.

நீ நாகர்கோவிலுக்குத் திரும்பிப் போன பிறகு உபதேசியார் நம் வீட்டுக்கு வந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவர் அவர்தானே, கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் சந்தோஷமாகக் காப்பி போட்டேன். அவர் குவளையைத் தொடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஓய், மழையில நனஞ்ச கோழி மாதி இருக்கியரு? சொல்லும்."

"சொல்லுதுக்கு எனக்கே நாணமா இருக்கு. பெண்ணு வேண்டாம்ணு சொல்லுகா."

"ஏன்? எங்க பயலுக்கு என்ன கொறச்சலு?"

"கொறச்சலு ஒண்ணும் சொல்லல்ல. செறுக்கன் தன்ன பாக்கல்ல, தங்கச்சி சரோஜத்தயாக்கும் பாத்தாருண்ணு சொல்லுகா. கண்ணெடுக்காம பாத்தாராம். வேணுமெங்கி இளையவளுக்கே ஆலோசிங்கண்ணு சொல்லிட்டு அடுக்களையில போயி கதவ அடச்சிட்டா."

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது, உபதேசியாருக்குத்தான் விளங்கவில்லை. அவர் உன்னைக் குற்றம் சொல்லவும் மனசில்லாமல், விடவும் மனசில்லாமல், "வாலிபப் பிள்ளையளு, கண்ணு ஒரு இடத்துல நிக்காது. இளையவ கொஞ்சம் வெளுப்புமாக்கும்" என்று இழுத்தார். அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பெண்ணின் நெஞ்சு எனக்குத் தெரிந்தது. கறுத்த பெண்ணாக, வெளுத்த தங்கச்சிக்கு மூத்தவளாகப் பிறந்தவள் இந்த ஊரில் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கேட்டிருப்பாள்! கடைசியில் தன்னைப் பார்க்க வந்தவனும் தன் முகத்தைத் தாண்டிப் பார்த்தான் என்று அவள் அடுக்களையில் இருந்து அழுகிறாள். நீயோ கிட்டங்கியில் ஒன்றும் அறியாமல் கொப்பரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன்னுடைய ரகசியம் அதுவரைக்கும் உன்னை மட்டும்தான் வருத்தியது, மக்களே. அன்றைக்குத்தான் அது வேறொரு வீட்டுப் பெண்ணை அழவைத்தது. அதற்குப் பிறகு அது உன்னுடையது மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. முழங்கால் படியிட்டேன். எழுந்தபோதும் அப்படியேதான் தோன்றியது.

இதை எழுதும்போது உனக்கே தெரியாத பழைய காரியங்களையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். உனக்கு அப்போது ஏழு வயது. மணல்வாரி வந்த வருஷம். கொல்லயிலில் பிள்ளைகள் படுக்காத வீடு இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு மணலை வாரி எறிந்த மாதிரி மேலெல்லாம் சிவந்து, காய்ந்து, அடங்கிப் போயிற்று. உனக்கும் உன் தங்கச்சிக்கும் அடங்கவில்லை. காய்ச்சல் தலைக்கேறி நீ ஆளறியாமல் பிதற்றினாய். அவள் பிதற்றக்கூட இல்லை. அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்த அன்றைக்குத்தான் நீ கண் திறந்தாய். நான் குனிந்து உன் நெற்றியைத் தொட்டேன். நீ என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, "அம்மா, கம்மலு உண்டு. மொகம் இல்ல" என்றாய். காய்ச்சலின் பேச்சு என்று நினைத்து உன் வாயில் கஞ்சியை ஊற்றினேன். நீ சொன்னது அத்தனையும் நிஜம் என்று தெரிய எனக்கு எவ்வளவோ காலம் ஆயிற்று. வீட்டில் ஒரு பிள்ளையின் பாய் சுருட்டி வைத்திருந்தது. பிழைத்த பிள்ளையின் கண்ணை உற்றுப் பார்க்க அப்போது என் கண்ணில் ஈரம் வற்றவில்லை.

பிறகு நீ எழுந்து நடந்தாய், ஓடினாய், தென்னை மூட்டில் விழுந்த ஓலையைத் தாண்டிக் குதித்தாய். ஆனால் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்தாய். நான் பேசினால் என் தோளைப் பார்த்தாய். "ஆளு பேசம்ப மொகத்த பாருலே" என்று உன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்புவேன். நீ திரும்பிய உடனே உன் கண் வெறித்துப் போகும். மரியாதை இல்லாமல் வளருகிறான் என்று பயந்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "கண்ணு பளிங்கு மாதி இருக்கு. படிக்க மடி, அவ்வளவுதான்" என்று சொல்லி உன் கையில் அடித்தார். பளிங்கு மாதிரித்தான் இருந்தது. வெள்ளை விழவில்லை, சிவக்கவில்லை, சீழ் வடியவில்லை. யார் நம்புவார்கள்?

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்தான் ஒரு சின்னக் கண்ணாடியால் வெளிச்சத்தை உன் கண்ணுக்குள்ளே திருப்பிவிட்டு, வெகுநேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்து சொன்னார். கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஒரு திரை உண்டு, நாம் பார்க்கிறதெல்லாம் அதில்தான் வந்து விழும், மணல்வாரியின் காய்ச்சல் அந்தத் திரையின் நடுவைச் சுட்டுவிட்டது, தழும்பு விழுந்த இடத்தில் படம் விழாது, சுற்றி ஓரமெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "கண்ணாடி போட்டா சரியாவுமா?" என்று கேட்டேன். "கண்ணாடி திரைக்கு முன்னால் உள்ள குறைக்குத்தான் அம்மா. இது திரையிலேயே உள்ளது. உங்க மகன் யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஓரத்தால் பார்க்கப் பழகிவிட்டான். அவன் ஒன்றைப் பார்க்கணும் என்றால் அதற்குப் பக்கத்தில்தான் பார்ப்பான். அதைத் தடுக்காதீங்க" என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். நேரே பார், நேரே பார் என்று உன் தாடையைப் பிடித்துத் திருப்பினபோதெல்லாம், என்னை நானே உன் கண்ணிலிருந்து துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டில் உன்னைத் திருப்பவில்லை. ஆனால் வெளியே நீயே உன்னைத் திருப்பிக்கொள்ளப் பழகினாய். பிறர் பேசும்போது அவர்கள் முகத்துக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமலே, தெரிந்த மாதிரிச் சிரிப்பாய். கோவிலில் வேதபாடம் வாசிக்கச் சொன்னால், வீட்டில் என்னை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், ஏட்டைத் திறந்து வைத்து ஒப்பிப்பாய். பக்கத்தையும் சரியான இடத்தில் திருப்புவாய். சாமர்த்தியம் என்று நானும் உள்ளுக்குள் மெச்சினேன். போன வருஷம் தமிழோடு சேரணும் என்று கேட்ட சமரம் சூடு பிடித்திருந்தபோது பாறசாலை முக்கில் ஒரு போலீஸ்காரன் உன்னை நிறுத்தியதைச் சொன்னாயே. அவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்க நீ அவன் தொப்பிக்கு அப்பால் பார்த்தாய். "முகத்து நோக்கிப் பறயெடா" என்று சொல்லி அவன் கன்னத்தில் அறைந்தான். கண் தெரியவில்லை சாரே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பான். நீ அறையை வாங்கிக்கொண்டாய், வார்த்தையைச் சொல்லவில்லை. அன்றைக்கு உன் கன்னத்தில் எண்ணெய் தடவும்போது நினைத்தேன், மணல்வாரி உன்னிடமிருந்து கொண்டுபோன இடம் கொஞ்சம்தான், அதை மூடி மறைக்க நீ கொடுத்த இடம்தான் அதிகம் என்று. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இப்போது சொல்லுகிறேன்.

உபதேசியார் வந்துபோன மறுநாள் நானும் அப்பாவும் புறப்பட்டோம். களியக்காவிளைக்கு அப்பால் பஸ் விடவில்லை. எல்லைக் கோடு இங்கே விழும், அங்கே விழும் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்ல, கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. நடந்தோம். வழியில் போலீஸ்காரர் ஒருவர் மறித்து, "எவிடேக்கா? சமரத்தினோ?" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு எங்கேதான் இருந்து வருமோ அந்தத் தைரியம். "சம்பந்தி வீட்டுக்காக்கும் சாரே. அதும் ஒரு சமரம்தான்" என்றார். அவர் சிரித்து வழி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாய்க்குள் நான் சொல்லப் போகிற வார்த்தைகள் மட்டும்தான் உருண்டுகொண்டிருந்தன.

ஞானப்பூவின் அப்பா எங்களை உட்காரச் சொன்னார். அதற்கு மேல் உபசாரம் இல்லை. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எம் மகன் உங்க இளையவள பாக்கல்ல, அவனுக்குக் கண்ணின் நடுவில் காட்சி இல்லை, மூத்தவளைப் பார்க்கத்தான் இளையவள் பக்கம் திரும்பினான் என்றேன். அவர் வாய் திறந்தார். பிறகு திறந்த வாயை மூடவில்லை.

"கண்ணு தெரியாதவனுக்கா எம் பிள்ளைய கேட்டு வந்திய? எங்க பக்கம் தமிழோட போவும், உங்க பக்கம் மலையாளத்தோட போவும்ணு சொல்லுகாவ, அதயே நான் பெரிசா எடுக்கல்ல. கோடு போட்டாலும் காலு நடக்கும்ணு நெனச்சேன். இதயும் மறச்சு வெச்சு வந்தியளே!"

"மறச்சது தப்புதான். அதாக்கும் சொல்ல வந்தோம்" என்றார் அப்பா.

"கண்ணு பளபளாண்ணு இருக்கு! யாரு நம்புவா?"

அவள் அம்மா மட்டும் மெதுவாக என்னிடம், "பெறக்கப்போற பிள்ளையளுக்கு வருமா மயினி?" என்று கேட்டாள். இது இரத்தத்தில் வந்ததில்லை, காய்ச்சலில் வந்தது, காய்ச்சலோடு நின்றது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். அவர் பெருமூச்சு விடவில்லை. எழுந்து உள்ளும் வெளியும் நடந்தார்.

அப்போது அடுக்களைக் கதவு திறந்தது. ஞானப்பூ வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "நடுவுல தெரியாதுண்ணா எப்பிடி தெரியாது? எனக்கு மனசிலாவல்ல, சொல்லித் தாருங்க" என்று என்னிடம் கேட்டாள். படித்த வார்த்தை எனக்கு என்ன தெரியும்? "ஒரு கண்ணை அடை. மற்றக் கண்ணுக்கு முன்னால் உன் கையை முஷ்டி பிடித்து வை. முகம் திரும்பினால் கையும் கூடவே திரும்பணும். இப்போ என்னைப் பார்" என்றேன். அவள் வைத்தாள். "கை மட்டும்தான் தெரியுது. உங்க சேலையும் காலும் தெரியுது" என்றாள். "என் முகத்தைப் பாரு" என்றேன். அவள் அப்படியும் இப்படியும் அசைந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பினாள். திருப்பித் திருப்பி, "ஆ, இப்பம் தெரியுது" என்றாள்.

அவள் முகம் எங்கே திரும்பியிருந்தது தெரியுமா, மக்களே? கதவோரம் நின்ற சரோஜத்தின் பக்கம்.

சரோஜம்தான் முதலில் சிரித்தாள். "எக்கா, நீயும் என்னயாக்கும் பாக்கிய!" என்றாள். ஞானப்பூ கையை இறக்கவில்லை, அப்படியே நின்றாள். பிறகு, "அப்பம் அன்னைக்கு ஜெபம் தொடங்கி முடியுவரெ என்னயா பாத்தாரு?" என்றாள்.

அவள் அப்பா நடையை நிறுத்தினார். "ஜெபத்துல எல்லாரும் கண்ணு அடச்சுல்லா இருந்தோம். செறுக்கன் கண்ணு தொறந்திருந்தது உனக்கு எப்பிடி தெரியும் பிள்ளே?"

அவள் அப்போதுதான் கையை இறக்கினாள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அந்த மனுஷருக்கும் மீசை துடித்தது, ஆனால் இறங்கி வரவில்லை. "செரி. தாய் வந்து சொன்னது போதாது. அவன் வரட்டு. அவன் வாயால சொல்லட்டு. பொறவு ஓலை வாசிக்கதா வேண்டாமாண்ணு பாக்கலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். என் மகளாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

இனி நான் உனக்குச் சொல்ல நினைக்கிறது கொஞ்சம்தான். அங்கே போனால் அவர்கள் முகத்துக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு நடிக்காதே. உனக்கு எப்படித் தெரியுமோ அப்படித் திரும்பியே பேசு. எந்த எழுத்து தெரியும், எது தெரியாது, இருட்டில் எப்படி, வெயிலில் எப்படி, எல்லாம் சொல். பரிதாபம் வரும்படி சொல்லாதே, பெருமையாகவும் சொல்லாதே, வயலுக்கு எத்தனை மடை என்று சொல்வது போலச் சொல். கர்த்தர் கூட்டிவைத்து நீங்கள் ஒரு வீட்டில் குடியிருந்தால், சாமான் வைத்த இடத்தில் இல்லை என்று அவள்மேல் சத்தம் போடாதே. இடம் மாற்றினால் சொல்லு என்று ஒருதரம் தன்மையாகக் கேள். குடும்ப ஜெபத்தில் வாசிப்பை அவளிடம் கொடுத்துவிட்டு நீ கேட்டுக்கொண்டிரு. ஆண்பிள்ளை வாசித்தால்தான் தேவன் கேட்பார் என்று ஒன்றும் இல்லை. நான் எழுத்துக்கூட்டி நானாகப் படித்தவள், நம் வீட்டில் இத்தனை வருஷம் நான்தான் வாசிக்கிறேன், கூரை இடிந்து விழவில்லை. பிள்ளைகள் பிறந்து, அப்பா ஏன் எங்களைப் பார்க்காமல் பேசுகிறார் என்று கேட்டால், கையை முஷ்டி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஒருவேளை நீ போய்ச் சொல்லி, அந்த மனுஷர் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். அதற்கு நான் உனக்கு உத்தரவாதம் எழுதித் தரமாட்டேன். அப்படி ஆனால் அழுவோம், இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஆனாலும் உன்னைத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்கிறவர் வீட்டுக்கும், உன்னைத் தெரியாமல் சரி என்கிறவர் வீட்டுக்கும் நடுவில், முதல் வீட்டு வாசலிலிருந்துதான் நீ தலை நிமிர்ந்து திரும்பலாம்.

நாங்கள் புறப்படும்போது ஞானப்பூ வேலிப் படல் வரைக்கும் வந்தாள். அப்பா முன்னால் நடந்துவிட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமீ, ஓரத்தால பாத்தா மொகம் எப்பிடி தெரியும்? ஆளு எப்பிடி இருக்குண்ணு தெரியுமா, தெரியாதா? அவரு வீட்டுல வந்து என்னப்பத்தி என்னவாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

நீ அன்றைக்குத் திரும்பி வந்து அடுக்களையில் என்னிடம் சொன்னதெல்லாம் என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பச்சைச் சேலை என்றாய். காப்பி கொண்டுவரும்போது குவளை குலுங்கவே இல்லை என்றாய். பிறகு வேறொன்றும் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுந்து போனாய். ஒரு வாக்கைத்தான் உடைத்துவிட்டேன். இதையாவது காப்பாற்றுவோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"அது எனக்கு அறியாது பிள்ளே. அவன்கிட்டயே கேளு" என்றேன்.

"கேக்கேன்" என்றாள்.

அவள் கேட்பாள், மக்களே. இந்தச் சனிக்கிழமை பஸ் ஓடினால் பஸ்ஸில் வா, ஓடாவிட்டால் நடந்து வா. பதிலை வழியிலேயே யோசித்துக்கொண்டு வா.

உனக்காக முழங்காலில் நிற்கும்
அம்மா